‘வந்தாச்சு’ கம்பெனியும் ராகலைத் தையல் கடையும்

ஓர் ஆள் எங்கே நிற்கிறார் என்பதை அவரைக் கொண்டே ஊருக்கு அறிவிக்கச் செய்வதும் ஒரு தொழிலாக இருந்தது. ஹட்டன் பக்கத்தில் அந்தத் தொழிலைப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

கம்பெனி பெயர் போட்ட டீசேர்ட்டை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி, “முதலாளி, இதை ஒருக்கா அமுக்கிப் பாருங்க” என்று கெஞ்சியவர்களே, டவர் பிடிக்கப் பாறை மேல் ஏறிக் கையை உயர்த்தி நின்றவர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்மார்ட்போன் மலைக்கு வந்த புதிதில், கொழும்பில் நாலு இளைஞர்கள் சேர்ந்து ‘வந்தாச்சு’ என்று ஒரு சேவையைத் தொடங்கினார்கள். ஒரு கடைக்கோ கோயிலுக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ போனால் போனை எடுத்து ‘வந்தாச்சு’ என்ற பட்டனை அமுக்க வேண்டும். நீங்கள் அங்கே இருப்பது உங்கள் சிநேகிதர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஓர் இடத்தில் அதிகத் தடவை அமுக்கியவர் அந்த இடத்தின் ‘தலைவர்’. இதனால் என்ன பிரயோசனம் என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டு வருடம் கேட்டுக் களைத்துப்போனவன் நான்.

இந்த வேலையில் சேர்ந்தபோது என்னிடம் ஓர் இரகசியம் இருந்தது. என் அக்கா ஜெயராணி, புருஷன் அடித்து மணிக்கட்டை உடைத்த பிறகு, ஒரு பையோடு வீட்டை விட்டுக் கிளம்பி ராகலையில் ரோஸி என்ற அம்மாவின் தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் அங்கே இருப்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும், குறிப்பாக அவள் புருஷன் மோகன் மச்சானுக்கு, அக்கா வீட்டு வேலைக்குக் குவைத் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தோம். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பாதி வீடுகளிலிருந்து பெண்கள் அப்படிப் போயிருப்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆக, ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் காட்டிக்கொடுப்பது என் உத்தியோகம், ஒருத்தியை மறைத்து வைப்பது என் குடும்பக் கடமை.

அம்மா கேட்ட கேள்வி

வேலை கிடைத்த அன்று அம்மாவிடம் கம்பெனிச் சட்டத்தை விளக்கினேன். அலுவலகம் கிடையாது. காலை எட்டு மணிக்கு முன் ஏதாவது ஓர் இடத்தில் பட்டனை அமுக்க வேண்டும், பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அமுக்கினால்தான் நான் வேலைக்கு வந்த கணக்கு. பகல் பன்னிரண்டுக்குள் ஒன்று தவறினாலும் அரை நாள் போய்விடும்.

அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். காலையில் மலைக்கு ஏறுமுன் எல்லாரும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு முன்னால் நின்று பேர் கொடுக்கும் இடத்தை எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பெரட்டில் பேர் விழாவிட்டால், கூடை நிறையக் கொழுந்து எடுத்தாலும் அன்றைக்கு வேலைக்கு வராத மாதிரிதான். காய்ச்சலோடு போனாலும் பெரட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அம்மா எங்களை வளர்த்தார். பேர் விழாமல் போய்விடுமோ என்ற பயம் எங்கள் வீட்டில் தாய்ப்பாலோடு வந்தது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்:

“பெரட்டுக்குப் போகக்கூடாதுன்னுதானே ஒன்னைய ஏலெவல் வரைக்கும் படிக்க வச்சேன்? இப்ப கண்டாக்கு மட்டும் கொழும்புல நிக்கிறாரு, மத்ததெல்லாம் அதே பெரட்டுதான்.”

சந்தனப் பொட்டு

ஹட்டன் டவுனில் முதலில் பிடித்தது ஒரு பலசரக்குக் கடை முதலாளியை. மூன்று தலைமுறையாக அதே இடத்தில் கடை. “என் கடை எங்க இருக்குன்னு இந்த டவுன்ல தெரியாத ஆள் யாரு?” என்று கேட்டு நாலு தடவை திருப்பி அனுப்பினார். எதிர்ப்பக்கத்துத் துணிக்கடையில் நான் ஸ்டிக்கர் ஒட்டியதைப் பார்த்த அன்று, ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, அதைவிடப் பெரிய ஸ்டிக்கராக வேண்டும் என்றார். சாமி படத்துக்குக் கீழே, கல்லாவுக்கு மேலே, அவரே இடம் காட்டி ஒட்டச் சொன்னார். அந்த ஸ்டிக்கரில் உள்ள கறுப்புக் கட்டத்தைப் போனில் படம் பிடித்தால் கடையின் பக்கம் திறக்கும்.

இரண்டு வாரம் கழித்து, உங்கள் ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை என்று புகார். போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பூஜையில் சாமி படத்துக்கு வைத்த கையோடு ஸ்டிக்கருக்கும் நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். போன் அந்தக் கட்டத்தைப் பார்த்து முழித்தது. ஈரத்துணியால் துடைக்கப் போனேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, வேலை செய்யாட்டி பரவால்ல, அப்படியே இருக்கட்டும். வச்ச பொட்டைத் தொடைச்சிட்டு யாவாரம் எப்படி வெளங்கும்?”

படுக்கையில் இருந்தபடி

டிம்புள்ள பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பெரட்டுக் களத்தையே ஓர் இடமாகப் பதிந்து வைத்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் களத்துக்கும் கூப்பிடு தூரம்தான். வெள்ளைச்சாமி என்று ஒருவர், மழை நாளில் கம்பளிக்குள் படுத்தபடியே பட்டனை அமுக்கிப் பார்த்திருக்கிறார். ‘நீங்கள் பெரட்டுக் களத்துக்கு வந்துவிட்டீர்கள், வாழ்த்துகள்’ என்று போன் சொல்லியிருக்கிறது. மனிதர் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துவிட்டார். எட்டரை மணிக்கு மெல்ல மலைக்கு ஏறியவரைக் கண்டாக்கு மறித்திருக்கிறார். இவர் போனை நீட்டி, ஆறரைக்கே பேர் கொடுத்துவிட்டதாகத் திரையைக் காட்டியிருக்கிறார். நான் அந்த நேரம் பார்த்தா அங்கே போய்ச் சேர வேண்டும்! கண்டாக்கு என் டீசேர்ட்டையும் அந்தப் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெள்ளைச்சாமியிடம் சொன்னார்:

“ரொம்ப நல்லது. அப்ப கொழுந்தையும் போன்லயே எடுத்து ஃபெக்டரிக்கு அனுப்பிட்டு, நீ போயி தூங்கு.”

யார் தலைவர்?

மலையில் ஒரே தோட்டத்துக்கு மூன்று பெயர் இருக்கும். வெள்ளைக்காரன் வைத்த பெயர் தோட்டத்தின் அலுவலகக் கந்தோர்ப் பலகையில், சிங்களப் பெயர் பஸ்ஸில், நம் ஆட்கள் வைத்த பெயர் வாயில். எங்கள் சேவையிலோ யார் வேண்டுமானாலும் புது இடம் சேர்க்கலாம். இடம் தப்பாக இருந்தால் வரைபடத்தில் உள்ள புள்ளியை இழுத்து மாற்றலாம். இதனால் ஒரு தோட்டம் மூன்று தோட்டமாகி, மூன்றுக்கும் மூன்று தலைவர் வந்தார்கள். இந்த ஓட்டை பிற்பாடு என்னைக் காப்பாற்றும் என்று அப்போது தெரியாது. அதனால் கொழும்புக்குத் தினமும் புகார் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டங்களில் தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, தோட்டத்தை நடத்தும் துரையோடு நேருக்கு நேர் பேசுகிறவர். அப்படி ஒருவர் இருபது வருடமாகத் தலைவராக இருந்த தோட்டத்தில், கொழும்பில் ஹோட்டல் வேலை செய்துவிட்டு லீவில் வந்த ஒருத்தன் பத்து நாள் விடாமல் அமுக்கித் தலைவராகிவிட்டான். பெரியவர் என்னைச் சங்க அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்தார். இது வெறும் விளையாட்டுதான் ஐயா என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த நாளிலிருந்து காலையும் மாலையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே வந்து பட்டனை அமுக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அன்று அவர் சொன்ன வார்த்தைதான்.

“வெளையாட்டுன்னு எனக்கும் தெரியும் தம்பி. வெளையாட்டுலயும் இந்தத் தோட்டத்துக்கு நான்தான் தலைவர்.”

ஸ்டாண்டில் ஒரு ரசிகர்

எங்கள் சேவையை உயிராக மதித்தவர்கள் ஹட்டன் த்ரீவீல் ஸ்டாண்டுக்காரர்கள். ஹயருக்கு ஆள் வராத நேரத்தில் அவர்களுக்கு வேறு என்ன வேலை? ஸ்டாண்டின் தலைவர் பதவிக்கு நாளொன்றுக்கு மூன்று பேர் ஏறி இறங்கினார்கள். கடைசியில் அதைப் பிடித்து உடும்பாக நின்றவர் வேறு யாருமில்லை, மோகன் மச்சான். அவருக்கு அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்பீர்கள். நான்தான். ஸ்டாண்டில் பதினைந்து பேருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அவருக்கு மட்டும் மாட்டேன் என்றால், எதற்கு என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி வரக்கூடாது என்பதற்காகவே அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். என் அக்காவின் கையை உடைத்த மனிதரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய் அம்மாவோடு சண்டை போட்டேன்.

மச்சான் காத்துக்கொண்டிருந்தது அக்காவுக்கு அல்ல, குவைத்திலிருந்து அவள் கொண்டு வரப்போகும் பெரிய டிவிக்கு. சுவரில் எந்த இடத்தில் மாட்டுவது என்று ஆணிகூட அடித்து வைத்திருந்தார். பார்க்கும்போதெல்லாம் டிவியின் அளவை ஞாபகப்படுத்துவார். பிறகு போனை எடுத்து என் பக்கத்தைத் திறப்பார். மாவட்டத்திலேயே அதிக இடம் போய்வந்தவன் என்று என் படம்தான் எப்போதும் மேலே நிற்கும். காலையில் தலவாக்கலை, பதினொரு மணிக்கு நானுஓயா, இரண்டு மணிக்கு நுவரெலியா என்று என்னிடமே ஒப்புவிப்பார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை அணைத்துவிட்டு ராகலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. ஒருநாள் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டிச் சொன்னார்:

“மாப்ள, நீ எங்க போறேன்னு ஒங்க கம்பெனிக்குத் தெரியிறதுக்கு முன்னுக்கே எனக்குத் தெரியுது.”

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்

பிறகு கொழும்பு என் எல்லையை ராகலை வரை நீட்டியது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, அது என்னிடம் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ராகலைக்குப் போனேன். டவுனில் ஏழெட்டுக் கடைகளைப் பதிந்தேன், தையல் கடை இருந்த வரிசைப் பக்கமே போகவில்லை. அத்தோடு பஸ் ஏறியிருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு ஒதுங்குவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போய்விட்டேன்.

அக்கா பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ரோஸியம்மா தேநீர் போட உள்ளே போனார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் போன் கத்த ஆரம்பித்தது: ‘நீங்கள் இன்னும் வரவில்லை.’ அரை நாள் போகப்போகிறது, பேர் விழாமல் போகப்போகிறது. என் கைக்கு மூளையைக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக் கை அது. அமுக்கிவிட்டேன்.

பக்கத்தில் எந்த இடம் பதிவாகியிருக்கிறதோ அதைத்தான் போன் எடுத்துக்கொள்ளும். ரோஸியம்மா, நுவரெலியாவில் நாலு கடையில் ஸ்டிக்கர் பார்த்த ஆசையில், போன வாரம் தானே தன் கடையைப் பதிந்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. மணி அடித்தது. ‘ரோஸி தையல் நிலையத்துக்கு முதலில் வந்தவர் நீங்கள்தான். நீங்களே தலைவர்! உங்கள் சிநேகிதர்கள் எல்லாருக்கும் அறிவித்துவிட்டோம்.’ அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தவள் போனைப் பார்க்கவே இல்லை.

“தம்பி, இப்ப நீ என்னத்தடா அமுக்கின?”

லீக்ஸ் தோட்டத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார்

ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மச்சான் காத்துக்கொண்டிருந்தார். திரும்பி ஏறிவிடலாமா என்று பார்த்தேன். அவரோ கண்ணைச் சிமிட்டினார். தையல் கடையில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று ஸ்டாண்டே முடிவு செய்திருந்தது. அக்கா குவைத்தில் இருப்பதால், குடும்பத்துக்கு மூத்தவராகத் தானே வந்து பெண்ணைப் பார்க்கப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டியை எடுப்பதாகவும், வழியெல்லாம் போனே காட்டிவிடும் என்றும் சொன்னார். அப்படி யாரும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்கு நம்பிக்கை கூடியது.

கொழும்பில் என் மேலதிகாரி ருவனுக்குப் போன் எடுத்தேன். ஓர் இடத்தை அழிக்க வேண்டும் என்றேன். சேர்க்கலாம், அழிக்க முடியாது, மக்கள் வந்துபோன சரித்திரம் நமக்கு முக்கியம் என்று சிங்களத்தில் அன்பாக விளக்கினார். சேர்க்கலாம் என்ற வார்த்தை மட்டும் என் காதில் நின்றது. நான் எத்தனை புகார் எழுதியும் அடைக்கப்படாத அந்த ஓட்டைக்குள் கையை விட்டேன். தலவாக்கலையில் ஒரு ரோஸி தையல் நிலையம், அக்கரபத்தனையில் ஒன்று, நானுஓயாவில் இரண்டு என்று பன்னிரண்டு கடை திறந்தேன். உண்மையான கடையின் புள்ளியை விரலால் பிடித்து, ராகலைக்கு நிறைய முன்னாலேயே, கந்தப்பளையில் லீக்ஸ் என்ற மரக்கறி போட்ட ஒரு தோட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் விட்டேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை வரை சோறு இறங்கவில்லை. மச்சான் போனை விட்டுவிட்டு ராகலையில் யாரிடமாவது வாயால் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அக்காவை ரோஸியம்மா தன் தங்கை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

ஞாயிறு பதினொரு மணிக்குப் போன் வந்தது. காற்றும் மழையும் நாய் குரைப்பதும் கேட்டது. யாரோ சிங்களத்தில் “மொகத மெத்தன கரன்னே?” என்று, இங்கே என்ன வேலை என்று, சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கெல்லாம் மேலே மச்சானின் குரல்:

“மாப்ள, ஒன் தையக்கடை வாசல்லதான் நிக்கிறேன்னு போன் சொல்லுது. சுத்திவர லீக்ஸ்தான்டா இருக்கு, முட்டி வரைக்கும் சேறு, நாய் வேற வெரட்டுது. இந்தக் கம்பெனியில பொண்ணும் இல்ல, கடையும் இல்ல, எல்லாம் புளுகு!”

அக்கா எடுத்த முடிவு

அழுதுவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அடுத்த பஸ்ஸில் ராகலைக்குப் போனேன். கடைக்குத் திரும்பி வந்திருந்த அக்காவிடம் நடந்ததைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். சேற்றில் நின்ற கோலத்தை நான் நடித்தே காட்டினேன். ரோஸியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கா கொஞ்சம் சிரித்தாள். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு, நுவரெலியாவில் பெண்களுக்காக வழக்குப் பேசும் ஒரு லோயரம்மா இருப்பதாகச் சொன்னார்களே, அவர் எந்தக் கிழமை இருப்பார் என்று ரோஸியம்மாவிடம் கேட்டாள். இவ்வளவு நாளாக நான் அதைச் சொல்லும்போதெல்லாம் வாயை மூடு என்றவள் அவள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் திடீரென்று என்று கேட்டேன்.

“எத்தனை நாளைக்குடா ஒரு லீக்ஸ் தோட்டத்த நம்பி ஒளிஞ்சிருக்கிறது?”

வீழ்ச்சி

மச்சான் கந்தப்பளையில் பட்ட அவமானத்தை ஸ்டாண்டில் வந்து கொட்டினார். பதினைந்து பேரும் அன்றே செயலியைத் தூக்கினார்கள். ஸ்டாண்டில் செத்தது டவுனில் செத்த மாதிரிதான். அதே சமயம் உலகம் முழுக்க எல்லாரும் வைத்திருக்கும் பெரிய வலைத்தளம் ஒன்று அதே பட்டனைத் தன்னுடைய ஆயிரம் பட்டன்களோடு ஆயிரத்தோராவதாகச் சேர்த்துக்கொண்டது. கலியாண வீட்டுப் படத்தையும் போட்டு இடத்தையும் போடலாம் என்றால் எங்களிடம் யார் வருவார்கள்? கொழும்பில் நாலு பேராக இருந்தவர்கள் இரண்டு பேரானார்கள். ஒருநாள் ருவனிடமிருந்து கடிதம்: மாத முடிவோடு சேவை நிறுத்தப்படும், எல்லாருடைய வருகைச் சரித்திரமும் முற்றாக அழிக்கப்படும். அழிக்க முடியாது என்று சொன்ன அதே மனிதர்! மற்ற ஊர்களில் வேலை பார்த்தவர்கள் போன் எடுத்து ஒப்பாரி வைத்தார்கள். நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வேலை போன செய்தியை அவ்வளவு சந்தோஷமாக வாசித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கடமைக்கு எல்லாரிடமும் போய் விடைபெற்றேன். பலசரக்குக் கடை முதலாளி ஸ்டிக்கரைக் கழற்ற விடவில்லை. அது இன்றைக்கும் அங்கே இருக்கிறது, வெள்ளிக்கு வெள்ளி பொட்டோடு. தோட்டத் தலைவர் மட்டும் முகம் வாடிப்போனார். நான் எழுந்த பிறகு வாசல் வரை வந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

“கடைசி நாளன்னிக்கு யாரு தலைவரா இருந்தாங்கன்னு ஒங்க கொழும்பு ஆபிஸ்ல ஒரு கடிதம் அடிச்சுத் தருவாங்களா தம்பி?”

பட்டன் இல்லாமல்

சேவை நின்ற மறுநாள் ராகலைக்குப் போனேன். இந்தத் தடவை போனை அணைக்காமல் போனேன். அது கத்தவில்லை. பன்னிரண்டு மணி வந்தது, போனது, யாரும் என்னிடம் பேர் கேட்கவில்லை. ரோஸியம்மா தேநீர் கொண்டு வந்து வைத்தார். அக்கா மெஷின் லாச்சியைத் திறந்து ஒரு நீலக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். மோகன் அவள் இருக்கும் இடத்துக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரக்கூடாது என்று கோர்ட் கொடுத்த கட்டளை. அடுத்த நாள் பொலிஸ் அதை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும். அதற்கு முன் தானே சொல்ல வேண்டும் என்றாள். வேண்டாம் அக்கா என்றேன். அவள் என் போனை வாங்கி, எண்ணை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு, மெஷின் மேல் வைத்தாள். உடைந்து கூடிய மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஜெயராணி பேசுறேன். நான் குவைத்துல இல்ல. ராகலையில இருக்கேன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னுக்கு, ரோஸி தையல் நிலையத்துல.” ஹட்டன் ஸ்டாண்டில் பஸ்காரர்கள் நுவரெலியா, நுவரெலியா என்று கூவுவது மட்டும் கேட்டது. பிறகு மச்சான் மெதுவாக, நிஜமான துக்கத்தோடு கேட்டார்: “அப்ப அந்த டிவி?” ரோஸியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அக்கா போனைக் கையில் எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னாள்:

“டிவியும் வராது, நானும் வர மாட்டேன். நாளைக்கு பொலிஸ்ல ஒரு கடிதம் கொண்டாந்து தருவாங்க, படிச்சுப் பாருங்க. என்னையப் பாக்கணும்னா இனி கோர்ட்டுல பாக்கலாம், அந்த எடம் ஒங்களுக்கு போன் இல்லாமலே தெரியும்.”

இரண்டு வருடம் மலை மலையாக ஏறி நான் ‘வந்தாச்சு’ அமுக்கிய அத்தனை இடங்களிலும், உரிய ஆளே தன் வாயால் அறிவித்ததும் இன்று வரை அழியாமல் இருப்பதும் அந்த ஒரு தையல் கடை மட்டும்தான்.